ஜப்பான் காரின் ரேடியோ செட்டை நீங்களே மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜப்பானிலிருந்து வந்த காரில் இருக்கும் பழைய நவிகேஷன் ரேடியோ செட்டைக் கழற்றிவிட்டு, புதிய ஆன்ட்ரொய்ட் செட் ஒன்றை வீட்டு வாசலிலேயே பூட்ட விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அக்வா, அக்ஸியோ, விட்ஸ், பிரியஸ் போன்ற டொயோட்டா வாகனங்களை உதாரணமாக எடுத்திருக்கிறேன். ஹொண்டா, சுசுகி, நிசான் என்றாலும் வேலையின் ஒழுங்கு இதேதான். பிளக்குகளும் வயர் நிறங்களும்தான் மாறும்.

வயரிங் தெரியாதே என்றுதான் எல்லோரும் தயங்குகிறார்கள். ஆனால் புதிதாகச் செய்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், பிழை நடக்கும் இடங்கள் இரண்டுதான். வாகனத்தின் சொந்தப் பிளக்கை வெட்டிவிடுவார்கள். அல்லது, சோதிக்காமல் பனலை மூடிவிடுவார்கள். இந்த இரண்டையும் செய்யாமல் இருந்தால், எங்கே தவறினாலும் பழைய நிலைக்குத் திரும்பி வரலாம். கீழே உள்ள ஒழுங்கு முழுவதும் அதற்காகத்தான்.

1. மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

ஜப்பானின் எஃப்.எம். அலைவரிசை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை. 2014க்குப் பிறகு அங்கே 95 வரை விரித்தார்கள். இலங்கையில் நமக்கு 88 முதல் 108 வரை வேண்டும். சூரியன், சக்தி, தென்றல் போன்ற நம் வானொலி நிலையங்கள் எல்லாம் 100க்கு மேலே இருப்பதால், ஜப்பான் செட்டில் அவை நேரடியாக வரவே வராது.

இதற்கு எஃப்.எம். எக்ஸ்பாண்டர் என்ற சிறிய பெட்டியை அன்டெனா வயருக்கும் செட்டுக்கும் இடையில் பூட்டுவார்கள். அது அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். 20 இறக்கும் பெட்டி என்றால் 103.4 உங்கள் செட்டில் 83.4 ஆகத் தெரியும். ஆனால் 76க்குக் கீழே செட் தேடாது. ஆகவே, நம் நாட்டில் 90க்கும் 96க்கும் இடையில் ஒலிபரப்பாகும் நிலையங்கள் இந்த வழியில் கிடைக்காது.

செட் நன்றாக இருக்கிறது, புளூடூத்தும் வேலை செய்கிறது, நீங்கள் கேட்கும் நிலையங்களும் 96க்கு மேல் என்றால் எக்ஸ்பாண்டர் போதும். செலவும் குறைவு. திரை ஜப்பான் மொழியில் எஸ்.டி. கார்ட் கேட்டு நிற்கிறது, வரைபடத்தில் ஜப்பான்தான் இருக்கிறது, கெமராப் படம் மங்கிவிட்டது என்றால் செட்டை மாற்றுவதே சரி.

2. வாங்கும் முன் அளவு, பிரேம், பிளக்

கடைக்குப் போகும் முன் மூன்று விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, வாகனத்தின் மொடல் குறியீடு. அக்வாவை எடுத்தால் என்.எச்.பி. 10 போன்றது, பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தின் தொடக்கத்தில் அது இருக்கும். இரண்டாவது, உற்பத்தி ஆண்டு. மூன்றாவது, இப்போது உள்ள செட்டின் முகத்தின் அகலம்.

அகலத்தை அளக்காமல் போகிறவர்கள்தான் இரண்டாம் முறை கடைக்கு அலைகிறார்கள். பொதுவான இரட்டை டின் செட் ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் உடையது. டொயோட்டா, டைஹட்சு வாகனங்களில் 200 மில்லிமீட்டர் அகலமுள்ளவையும் உண்டு. 180 செட்டை 200 இடத்தில் வைத்தால் இரு பக்கமும் இடைவெளி தெரியும்.

9 அல்லது 10 அங்குலத் திரை என்றால், அந்த மொடலுக்கென்றே செய்த பிரேம் வேண்டும். “எல்லா டொயோட்டாவுக்கும் பொருந்தும்” என்று சொல்லித் தரும் பிரேமை வாங்காதீர்கள். பனலின் வளைவு ஒவ்வொரு மொடலிலும் வேறு. பொருந்தாத பிரேமை அராவிப் பூட்டினால் கிளிப் பிடிக்காது, குழி ரோட்டில் சத்தம் போடும்.

செட்டோடு கேட்டு வாங்க வேண்டியவை: உங்கள் வாகனத்தின் பிளக்கில் நேராகச் செருகும் இணைப்பு வயர், அன்டெனா மாற்றி, ஸ்டியரிங் பட்டன் வயர், ஜீ.பி.எஸ். அன்டெனா. பழைய கெமராவை வைத்திருப்பதாக இருந்தால் அதற்கான மாற்றி வயரும் வேண்டும். சில வாகனங்களுக்கு, காரின் கணினியோடு செட்டைப் பேசவைக்கும் கேன்பஸ் பெட்டி என்ற ஒன்றும் தேவைப்படும். குறியீட்டைச் சொன்னால் விற்பவர் சொல்லுவார். தனி அம்ப்ளிபையர் உள்ள வாகனம் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள், ஏனென்றால் அதற்கு இணைப்பு வயர் வேறு.

பஞ்சிகாவத்தையிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் தேடினால் இவை கிடைக்கும். எங்கே வாங்கினாலும், செட்டைக் கடையிலேயே 12 வோல்ட்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், உள் அமைப்புகளைத் திறக்கும் இரகசிய இலக்கத்தையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அது எதற்கு என்று 9ஆம் பகுதியில் சொல்கிறேன்.

3. கருவிகள்

பிளாஸ்டிக் நெம்பிகள், நட்சத்திர முனைத் திருப்புளி, 10 மில்லிமீட்டர் சொக்கெட்டும் நீட்டுக் கம்பியும், மல்டிமீட்டர், துணி டேப், வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டி, ஈயம் பற்றவைக்கும் கருவியும் சூட்டில் சுருங்கும் குழாயும் அல்லது அழுத்திப் பூட்டும் இணைப்பிகள், தலையில் மாட்டும் லைட், இரண்டு பழைய துவாய். இவ்வளவும் போதும்.

இரும்புத் திருப்புளியால் பனலை நெம்ப வேண்டாம். ஒரே அழுத்தில் விழும் வடு, காரை விற்கும் நாள்வரை கண்ணில் படும். மல்டிமீட்டரைத் தவிர்க்கவும் முடியாது. வயரின் நிறத்தை மட்டும் நம்புவதற்கு இந்த வாகனங்கள் பழையவை. உங்களுக்கு முன் யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாது.

4. கழற்றும் முன் இருப்பதைப் பதிவு செய்யுங்கள்

கார் ஓடும் நிலையில் இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பாடுகின்றனவா? ரிவர்ஸ் போட்டால் கெமரா வருகிறதா? ஸ்டியரிங் பட்டன்கள், ஏ.சி., நான்கு பக்க சிக்னல் விளக்கு, எயார் பேக் எச்சரிக்கை விளக்கு எல்லாம் எப்படி இருக்கின்றன? போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

முன்பே பாடாத ஸ்பீக்கருக்காகப் புது வயரிங்கை அரை நாள் தோண்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. இந்த ஐந்து நிமிட வேலை அதைத் தடுத்துவிடும்.

5. பற்றரியைக் கழற்றும் ஒழுங்கு

இந்த வேலையில் ஒழுங்கு மிக முக்கியமான இடம் இதுதான்.

முதலில் எல்லாக் கண்ணாடிகளையும் மேலே ஏற்றுங்கள். பற்றரி கழன்ற பிறகு பவர் விண்டோ ஏறாது. கொழும்பில் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயிலை நம்பித் தொடங்கினால், பின்னேரம் இடி மழை வந்து நிற்கும். கண்ணாடி பாதி இறங்கிய காரை பொலித்தீனால் மூடிக்கொண்டு நிற்கும் நிலை வேண்டாம். அதே காரணத்துக்காகக் காலையிலேயே தொடங்குங்கள், கூரை உள்ள இடமாகப் பாருங்கள்.

அடுத்து கியரை ‘பி’யில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை இட்டு, காரை நிறுத்துங்கள். திறப்பு உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், காருக்குள் வைக்காதீர்கள்.

ஹைபிரிட் வாகனங்களில் 12 வோல்ட் பற்றரி பெரும்பாலும் பின்னால் இருக்கும். அக்வாவில் பின் இருக்கையின் கீழ். மூன்றாம் தலைமுறை பிரியஸில் டிக்கியின் வலப்பக்கம். பிரியஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் டிக்கிக் கதவு மின்சாரத்தால் திறப்பது. பற்றரியைக் கழற்றிவிட்டு டிக்கியை மூடினால் வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளே ஊர்ந்து போய்க் கதவின் உட்பக்க நெம்புகோலைத் தேட வேண்டியிருக்கும். வேலை முடியும்வரை டிக்கியைத் திறந்தே வையுங்கள், பூட்டுக்குள் ஒரு துணியைச் செருகிவிடுங்கள்.

செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடக்கூடாது. அது ஹைபிரிட் பற்றரியின் உயர் மின்னழுத்த வயர். ரேடியோ வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கறுப்பு முனையை, அதாவது மைனஸை, முதலில் கழற்றுங்கள். பிளஸ்ஸைத் தொடவே தேவையில்லை. மைனஸ் பூட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் ஸ்பனர் வைத்து அது பொடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், அதனால்தான் இந்த ஒழுங்கு. கழற்றியதும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். எயார் பேக் சுற்றில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்கு டொயோட்டா 90 விநாடி சொல்கிறது, ஹொண்டா 3 நிமிடம் சொல்கிறது. ஐந்து நிமிடம் எல்லாவற்றுக்கும் போதும்.

6. பனலையும் பழைய செட்டையும் எடுத்தல்

கியர் லீவரைச் சுற்றியும் பனலின் கீழேயும் துவாயை விரியுங்கள். செட் வெளியே வரும்போது அதன் இரும்பு விளிம்பு கீழே உள்ள பிளாஸ்டிக்கைக் கீறும். உள்ளே விழும் ஆணியையும் அந்தத் துவாய் பிடித்துவிடும்.

எந்தப் பனல் முதலில் வர வேண்டும் என்பது மொடலுக்கு மொடல் வேறு. உங்கள் மொடல் குறியீட்டைப் போட்டு யூடியூபில் தேடி, ஒருமுறை முழுதாகப் பாருங்கள். பொதுவாக, செட்டைச் சுற்றியுள்ள பனல் கிளிப்பில்தான் நிற்கும். ஒரு மூலையில் நெம்பியைச் செருகி, சிறு சத்தத்தோடு முதல் கிளிப் விட்டதும் கையால் நேராக உங்கள் பக்கம் இழுங்கள். வளைத்து இழுத்தால் கிளிப்பின் கால் உடையும். எங்கேயோ பிடித்துக்கொண்டு வர மறுத்தால், மறைந்த ஆணி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். பலத்தைக் கூட்டாமல் லைட்டை அடித்துப் பாருங்கள்.

பனலின் பின்னால் நான்கு பக்க சிக்னல் சுவிட்ச், எயார் பேக் அறிவிப்பு விளக்கு, ஏ.சி. கட்டுப்பாட்டின் பிளக்குகள் இருக்கலாம். பிளக்கின் நாக்கை அழுத்தி, பிளக்கைப் பிடித்து எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். மஞ்சள் நிறப் பிளக் எயார் பேக்குக்கு உரியது. அதைக் கழற்றாமலே வேலை முடியும் என்றால் கழற்றாதீர்கள்.

செட்டைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் நான்கு 10 மில்லிமீட்டர் போல்ட்கள். எடுத்துவிட்டு செட்டை மெதுவாக முன்னே இழுங்கள். பின்னால் உள்ள ஒவ்வொரு பிளக்கையும் கழற்றும் முன் படம் எடுங்கள். பழைய ஜப்பான் நவிகேஷனில் டி.வி. அன்டெனா, ஜீ.பி.எஸ்., ஈ.டி.சி. என்று பல வயர்கள் இருக்கும். ஈ.டி.சி. என்பது அங்கே நெடுஞ்சாலைக் கட்டணம் செலுத்தும் கருவி. கார் ஸ்டார்ட் ஆனதும் ஜப்பான் மொழியில் பேசும் பெண் குரல் பல கார்களில் அதிலிருந்துதான் வருகிறது. அதன் பிளக்கைக் கழற்றி, டேப் சுற்றி ஒதுக்கிவிடலாம்.

7. வயரை மேசையில் வைத்து இணையுங்கள்

காருக்குள் குனிந்துகொண்டு வயர் இணைப்பது கஷ்டம். இணைப்பு வயரையும் செட்டின் வயரையும் வீட்டுக்குள் கொண்டுபோய் மேசையில் வைத்து இணையுங்கள். காருக்குள் செருகும் வேலை மட்டும் மிஞ்சும்.

டொயோட்டாவில் 10 பின் பிளக் ஒன்றும் 6 பின் பிளக் ஒன்றும் இருக்கும். பெரியதில் மின்சாரமும் முன் ஸ்பீக்கர்களும், சிறியதில் பின் ஸ்பீக்கர்கள். சரியான இணைப்பு வயர் வாங்கியிருந்தால் இரண்டும் நேராகச் செருகும். ஆனாலும் மல்டிமீட்டரால் பாருங்கள். அதற்காகப் பற்றரியின் மைனஸைச் சிறிது நேரம் பூட்ட வேண்டியிருக்கும். அப்படிப் பூட்டும் முன், பனலிலிருந்து கழற்றிய சுவிட்ச், விளக்குப் பிளக்குகளை எல்லாம் திரும்பச் செருகிவிடுங்கள். எயார் பேக் சம்பந்தப்பட்ட ஒன்று கழன்றிருக்கும்போது காரை ஓன் செய்தால், எச்சரிக்கை விளக்கு விழுந்து, அதை அழிக்க ஸ்கேனர் தேடிப் போக வேண்டியிருக்கும்.

வாகனப் பக்கத்தில் பார்க்க வேண்டியவை இவை. நீலத்தில் மஞ்சள் கோடு உள்ள வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும். சாம்பல் நிற வயரில் ஏ.சி.சி. நிலையில், அதாவது எஞ்சின் ஓடாமலே ரேடியோ பாடும் நிலையில், மட்டும் 12 வோல்ட் வர வேண்டும். பழுப்பு நிறம் ஏர்த். பச்சை, பார்க் லைட் போட்டால் உயிர் பெறும் வயர். செட் பக்கத்தில் மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ளது, சிவப்பு ஏ.சி.சி., கறுப்பு ஏர்த், செம்மஞ்சள் விளக்கு. நிறம் பொருந்தாவிட்டால் மீட்டர் சொல்வதையே நம்புங்கள். அளந்து முடிந்ததும் மைனஸை மறுபடி கழற்றிவிடுங்கள்.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறுவது அடிக்கடி நடப்பது. மாறினால் செட் வேலை செய்யும், ஆனால் காரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் நிலையங்களையும் மறந்துவிடும். இரண்டையும் சேர்த்து நிரந்தர மின்சாரத்தில் கொடுப்பது இன்னும் மோசம். செட் அணையாது, இரவெல்லாம் பற்றரியைக் குடிக்கும். ஹைபிரிட் வாகனத்தின் 12 வோல்ட் பற்றரி சிறியது. அது இறங்கினால், பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் ‘ரெடி’ நிலைக்கு வராது.

ஸ்பீக்கர் வயர்களில் ஒரே விதிதான்: மைனஸை ஏர்த்தோடு சேர்க்கக் கூடாது. நான்கு ஸ்பீக்கருக்கும் தனித்தனி மைனஸ் உண்டு. சேர்த்தால் செட்டின் உள்ளே உள்ள அம்ப்ளிபையர் சிப் எரிந்துபோகும். டொயோட்டாவில் முன் இடது இளஞ்சிவப்பும் ஊதாவும், முன் வலது இளம் பச்சையும் நீலமும், பின் வலது சிவப்பும் வெள்ளையும், பின் இடது கறுப்பும் மஞ்சளும். செட் பக்கத்தில் முறையே வெள்ளை, சாம்பல், ஊதா, பச்சை. ஒவ்வொன்றின் மைனஸிலும் கறுப்புக் கோடு ஓடும். இங்கே கறுப்பும் மஞ்சளும் ஸ்பீக்கருக்கு வருவதைக் கவனியுங்கள். நிறத்தைப் பார்த்து மின்சார வயர் என்று எண்ணிக் கொடுத்துவிட இடம் உண்டு.

வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் வெயிலுக்கு ஆகாது. வெயிலில் நிற்கும் காரில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். அது முடியாவிட்டால் அழுத்திப் பூட்டும் இணைப்பிகள் போதும்.

சில நேரம் கடையில் தந்த பிளக் பொருந்தாது. அப்போது வாகனப் பிளக்கை வெட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்று யாராவது சொல்லுவார்கள். வெட்டாதீர்கள். சரியான பிளக்குக்கு இன்னொரு நாள் போய் வருவது, பிறகு எந்தச் செட்டும் நேராகச் செருக முடியாத காரை வைத்திருப்பதைவிட நல்லது.

8. அன்டெனா, ஜீ.பி.எஸ்., கெமரா, ஸ்டியரிங் பட்டன்

புது செட் பூட்டியும் எஃப்.எம். இரைகிறது என்றால், முதல் சந்தேகம் அன்டெனா அம்ப்ளிபையர். கூரையில் உள்ள குட்டை அன்டெனாவுக்கும் கண்ணாடியில் ஒட்டிய அன்டெனாவுக்கும் பெரும்பாலும் ஒரு சிறு அம்ப்ளிபையர் இருக்கும். செட்டின் நீல வயர் அதற்கு 12 வோல்ட் கொடுக்க வேண்டும். அதைத் தொங்கவிட்டால், கொழும்பு நகருக்குள் ஓரளவு கேட்கும், அவிசாவளைப் பக்கம் போனால் நிலையங்கள் ஒவ்வொன்றாகப் போய்விடும். பழைய எக்ஸ்பாண்டர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். புது செட்டுக்கு 108 வரை தானே வரும். எக்ஸ்பாண்டர் இருந்தால் எல்லா நிலையமும் தவறான எண்ணில் தெரியும்.

ஜீ.பி.எஸ். அன்டெனாவை டேஷ்போட்டின் மேல்தகட்டுக்குக் கீழே, முன் கண்ணாடிக்குக் கிட்ட, முகம் மேலே பார்க்க வையுங்கள். செட்டின் இரும்புப் பெட்டிக்கு மேலேயோ பின்னாலேயோ வைத்தால் வானம் தெரியாது.

டொயோட்டாவின் சொந்தக் கெமராக்கள் பல 6 வோல்ட்டில் இயங்குபவை. நேராக 12 வோல்ட் கொடுத்தால் கெமரா போய்விடும். அதற்கென்று மின்னழுத்தம் குறைக்கும் மாற்றி வயர் விற்கிறார்கள், அதையே போடுங்கள். ரிவர்ஸ் சிக்னல் வயரையும் மறக்காமல் இணையுங்கள். அது இல்லாவிட்டால் ரிவர்ஸ் போட்டாலும் திரை மாறாது.

ஸ்டியரிங் பட்டன்களுக்கு செட்டில் கீ 1, கீ 2 என்று இரண்டு வயரும் ஓர் ஏர்த்தும் இருக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் இன்னொன்று வேலை செய்கிறது என்றால், ஏர்த் சரியாகப் பிடிக்கவில்லை.

பார்க்கிங் பிரேக் வயரை நேரே ஏர்த்தில் கொடுத்து, ஓடும்போதும் வீடியோ பார்க்க வழி செய்யச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஒரு கணம் கண் விலகினாலே போதும், முன்னால் நிற்கும் முச்சக்கரவண்டியில் முட்டுவதற்கு.

9. வெளியே வைத்தே சோதியுங்கள்

செட்டைத் துவாயின் மேல் வைத்து, எல்லாப் பிளக்கையும் செருகி, பற்றரியைப் பூட்டி, ஓன் செய்யுங்கள். 4ஆம் பகுதியில் எடுத்த வீடியோவைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

சத்தத்தை நான்கு மூலைக்கும் தனித்தனியாக ஒதுக்கிக் கேளுங்கள். இடமும் வலமும் மாறியிருந்தால் இப்போதே தெரியும். எல்லாம் பாடுகிறது, ஆனால் பேஸ் மெலிந்து கேட்கிறது என்றால், ஒரு ஸ்பீக்கரின் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கலாம்.

அடுத்து எஃப்.எம். தேடுங்கள். நிலையங்கள் பாதிதான் கிடைக்கின்றன என்றால் வயரில் கை வைக்காமல் உள் அமைப்புகளுக்குப் போங்கள். கடையில் வாங்கிய இரகசிய இலக்கம் இங்கேதான் தேவை. ரேடியோவின் பிராந்தியம் அமெரிக்கா என்றிருந்தால், செட் 87.9, 88.1 என்று புள்ளிக்குப் பின் ஒற்றை எண் வருபவற்றை மட்டுமே தொட்டுப் போகும், 103.4 போன்ற இரட்டை எண்ணில் நிற்காது. ஜப்பான் என்றிருந்தால் பழைய பிரச்சினைதான். ஐரோப்பா என்று மாற்றிவிட்டுத் திரும்பத் தேடுங்கள். இதைத் தெரியாமல் நல்ல செட்டைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

ரிவர்ஸ் கெமரா, பார்க் லைட் போட்டால் திரை மங்குவது, ஸ்டியரிங் பட்டன் கற்பிப்பது எல்லாம் முடிந்த பிறகு, காரை நிறுத்தி, கதவைத் திறந்து மூடி, செட் அணைகிறதா என்று பாருங்கள். திரும்ப ஓன் செய்தால் நிலையங்கள் நினைவில் இருக்க வேண்டும். சரி என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

10. பூட்டுதல்

மைனஸை மறுபடி கழற்றுங்கள். பழைய செட்டின் பக்கவாட்டு இரும்புப் பட்டிகளைப் புதுப் பிரேமுக்கு மாற்றுங்கள். அதன் சொந்த ஆணியையே போடுங்கள். நீளமான ஆணி செட்டின் உள்ளே உள்ள சர்க்கிட் பலகையில் முட்டும்.

ஆன்ட்ரொய்ட் செட்டின் உடம்பு பழையதைவிட மெல்லியது. பின்னால் நிறைய இடம் இருக்கும், வயரைக் கீழ்ப்பக்கம் ஒதுக்கிக் கட்டுங்கள். செட்டின் பின்புறம் சூடேறும், அதற்கு மேலே வயரைக் குவிக்க வேண்டாம். இணைப்பிகளுக்குத் துணி டேப் சுற்றினால் ஓடும்போது கடகட சத்தம் வராது.

செட்டைத் தள்ளும்போது இடிக்கிறது என்றால் அழுத்தாதீர்கள். ஏதோ ஒரு வயர் விளிம்பில் சிக்கியிருக்கிறது. வெளியே எடுத்து, ஒதுக்கி, மறுபடி வையுங்கள். போல்ட்களை முதலில் தளர்வாகப் பிடித்து, பனலை வைத்து இடைவெளி சமமா என்று பார்த்த பிறகு இறுக்குங்கள்.

11. அதன் பிறகு

பற்றரியைப் பூட்டியதும், ஒரே தட்டில் ஏறி இறங்கும் கண்ணாடிகள் அப்படி வேலை செய்யாமல் போகலாம். கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சை மேலே இழுத்தபடி சில விநாடி பிடித்திருங்கள், திரும்பி வரும்.

மறுநாள் காலை, கதவைத் திறந்து சிறிது நேரம் விட்டு, 12 வோல்ட் பற்றரியை மீட்டரால் பாருங்கள். 12.4க்கு மேல் இருந்தால் நல்லது. 12க்குக் கிட்ட வந்துவிட்டது என்றால் செட் இரவில் விழித்திருக்கிறது. சிவப்பு வயர் எங்கே போயிருக்கிறது என்று திரும்பப் பாருங்கள்.

பழைய செட்டை அதன் எஸ்.டி. கார்ட், போல்ட்கள், கழற்றிய பிளக்குகளோடு ஒரே பெட்டியில் போட்டு, மேலே காரின் மொடல் குறியீட்டை எழுதி வையுங்கள். காரை வாங்க வருகிறவர் முதல் செட் எங்கே என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.